ஓடையில் கிடக்கும் சருகைத் தொடாதீர்கள்

போன வாரம் ஒரு போன் வந்தது. பேசியவர் இளைஞர் குழு ஒன்றில் இருப்பவர். "ஞாயிற்றுக்கிழமை ஓடையைச் சுத்தம் பண்ணப் போறோம் மேடம். நீங்களும் வந்தா நல்லா இருக்கும். அந்த ஓடையைப் பத்தி உங்களை விட யாருக்குத் தெரியும்?" என்றார். 11 ஆண்டுகளாக மாதம் ஒருமுறை அந்தக் காட்டோடைக்குப் போய், தண்ணீருக்குள் வாழும் பூச்சிகளைப் பார்த்து நோட்டில் எழுதி வருகிறேன். யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"என்னென்ன எடுப்பீங்க?" என்று கேட்டேன்.

"பிளாஸ்டிக் பாட்டில், கவர், பழைய துணி. அப்புறம் குறுக்கே அடைச்சுக்கிட்டிருக்கிற மரம், அழுகின இலைதழை எல்லாத்தையும் எடுத்துட்டா தண்ணி கண்ணாடி மாதிரி ஓடும் மேடம்."

முதலில் சொன்னதைக் கேட்டபோது மனசு நிறைந்தது. அடுத்ததைக் கேட்டதும் வயிறு கலங்கிவிட்டது. நேரில் வந்து பேசுகிறேன், அதுவரை மரத்திலும் இலையிலும் கை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அன்று அவரிடம் அவசரமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

இதே வேலையை 9 ஆண்டுகளுக்கு முன்பு நானே முன்னால் நின்று செய்தேன். அந்த ஓடையில் மரம் ஒன்று குறுக்கே விழுந்து கிடந்தது. அதற்கு மேற்புறம் முழங்கால் ஆழத்தில் ஒரு சின்ன மடு. காட்டிலிருந்து விழும் சருகெல்லாம் மிதந்து வந்து அந்த மரத்தில் சிக்கி, ஊறி, கறுத்து, அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் சாக்கடை மாதிரிதான் தெரியும். ஆனால் நான் எண்ணிவந்த பூச்சி ஒன்று அந்தச் சருகுக்குள்தான் இருந்தது.

அதை முதல்முறை பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளைத் தட்டில் கொஞ்சம் தண்ணீரையும் ஒரு பிடி சருகையும் போட்டு, கலங்கல் தெளியட்டும் என்று காத்திருந்தேன். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய இலைத்துண்டு ஒன்று அசைந்தது. காற்று இல்லை, தட்டில் ஓட்டமும் இல்லை. துண்டு நின்றது, மறுபடி நகர்ந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தபோதுதான் அது ஓர் இலை இல்லை, இரண்டு என்று தெரிந்தது. மேலே முட்டை வடிவத்தில் பெரிதாக ஒன்று, அடியில் அதைவிடச் சிறியதாக ஒன்று. இரண்டும் ஓரங்களில் ஒட்டியிருந்தன. நடுவில் ஒரு புழு. மேல் இலை குடைபோல நீட்டிக்கொண்டிருந்ததால் அதன் தலையும் கால்களும் மேலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்குப் படவே இல்லை.

கேடிஸ்ஃபிளை என்ற பூச்சியின் லார்வா அது. வண்ணத்துப்பூச்சிக்கும் அந்துப்பூச்சிக்கும் நெருங்கிய உறவு. பட்டுப்புழு மாதிரியே இதுவும் வாயிலிருந்து பட்டு இழை விடும், அதுவும் தண்ணீருக்குள். அந்த இழையால் சில வகைகள் மணலை ஒட்டிக் குழாய் கட்டும், சில குச்சிகளை அடுக்கும், சில கல்லிடுக்கில் வலை பின்னி ஓட்டத்தில் வருவதைப் பிடித்துத் தின்னும். நான் பார்த்தது இலையைத் தானே நறுக்கி வீடு செய்யும் வகை. அனிசோசென்ட்ரோபஸ் என்ற பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்பில், இப்படிக் கட்டுபவை உண்டு. வளர வளரப் பழைய இலை பத்தாது, புதிதாக நறுக்க வேண்டும். சருகு இருந்தால்தான் அதற்கு வீடு. அதன் சாப்பாடும் அதே சருகுதான்.

இவ்வளவும் தெரிந்த நான் எப்படி அதில் கை வைத்தேன் என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஓடை அழுக்காக இருக்கிறது, அழுக்கை எடுத்தால் பூச்சிக்கும் நல்லது என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. சரி என்று தலையாட்டினேன். 14 பேர் சேர்ந்து ஒரு பகலில் சருகை வாரிக் கரையில் கொட்டினோம். கயிறு கட்டி மரத்தை இழுத்துப் போட்டோம். கற்களைக்கூட ஓரமாக அடுக்கி வைத்தோம். எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் உண்மையிலேயே கண்ணாடி மாதிரி ஓடியது.

அடுத்த மாதம் போனேன். தட்டில் வந்தது மணலும் ரத்தச் சிவப்பில் இரண்டு கொசுப்புழு போன்ற லார்வாக்களும்தான். இலை வீடு ஒன்றுகூட இல்லை. இரண்டு மழைக்குப் பிறகு மடுவே காணாமல் போயிற்று. மரம் அத்தனை நாளும் பின்னால் தேக்கி வைத்திருந்த மணலும் வண்டலும் ஒரே மூச்சில் இறங்கி, கீழே இருந்த கல்லிடுக்குகளை அடைத்துவிட்டன. கல்லுக்கு அடியில் விரல் நுழைய இடமில்லை. அங்கே பூச்சி எங்கே நுழையும்?

மூன்று ஆண்டு கழித்து ஒரு மாசி மாதக் காலையில் மறுபடி ஓர் இலைத்துண்டு தட்டில் நகர்ந்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் ஒரே விடைதான். மேலே காட்டுக்குள் நாங்கள் தொடாத கிளையோடை ஒன்று வந்து சேர்கிறது. தாய்ப்பூச்சி அங்கிருந்து பறந்து வந்து முட்டையிட்டிருக்கும், அல்லது லார்வாவே வெள்ளத்தில் அடித்து வந்திருக்கும். அந்தக் கிளையோடை இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

அபூர்வமான நீர்ப்பூச்சிகள் பலவற்றின் நிலைமை அதுதான். ஒரே ஓடை, ஒரே ஊற்று. திரும்பி வருவதற்குப் பக்கத்தில் இன்னொன்று கிடையாது. ஐரோப்பாவின் ரைன் ஆற்றில் ஹைட்ரோப்சைக்கி டோபியாசி என்று ஒரு கேடிஸ்ஃபிளை இருந்தது. அருங்காட்சியகத்தில் குத்தி வைத்திருந்த பழைய மாதிரிகளைப் பார்த்து அது தனி இனம் என்று கண்டுபிடித்து 1977இல்தான் பெயர் வைத்தார்கள். அதற்குள் ஆற்றில் அது இல்லை. பெயர் கிடைப்பதற்கு முன்பே போய்விட்ட ஓர் உயிர். இன்று அற்றுப்போன இனங்களின் பட்டியலில் இருக்கிறது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் என் இலைவீட்டுப் பூச்சிக்கும் இன்னும் முழுப்பெயர் தெரியாது. பேரினம் வரைதான் தெரியும்.

வட அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்காப் பக்கம் பனியாறு உருகி வரும் ஓடைகளில் லெட்னியா டுமானா என்று ஒரு பூச்சி உண்டு, ஸ்டோன்ஃபிளை என்ற ஓடைப்பூச்சி வகையைச் சேர்ந்தது. குளிர்ந்த நீர்தான் அதற்கு ஒத்துவரும். பனி குறையக் குறைய அது மேலே மேலே போக வேண்டும், ஒரு கட்டத்துக்கு மேல் மலை முடிந்துவிடும். 2019இல் அமெரிக்க அரசு அதையும் இன்னொரு பனியோடை ஸ்டோன்ஃபிளையையும் அச்சுறுத்தலில் உள்ள இனங்களாக அறிவித்தது. தட்டான்களின் கணக்கும் கைவசம் இருக்கிறது. உலகத்துத் தட்டான்களும் ஊசித்தட்டான்களும் 6,016 இனங்களை மொத்தமாக மதிப்பிட்டு 2021இல் ஐயுசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு சொன்னது, அவற்றில் 16 சதவீதம் அழியும் ஆபத்தில் இருக்கின்றன என்று. தட்டான் எல்லோர் கண்ணிலும் படுகிற அழகான பூச்சி, அதனால் அதை எண்ண ஆள் இருக்கிறது. கல்லுக்கு அடியில் கிடக்கும் பழுப்பு நிறப் புழுக்களை எண்ணுவதற்கு ஆள் ரொம்பக் குறைவு.

தேடினால் கிடைக்கவும் செய்யும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஐசோஜீனஸ் நுபெக்குலா என்ற மஞ்சள் நிற ஸ்டோன்ஃபிளையை பிரிட்டனில் 1995க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. போய்விட்டது என்றே பலர் நினைத்தார்கள். 2017இல் வேல்ஸ் பகுதியில் ஓடும் டீ ஆற்றில் மறுபடி கிடைத்தது. 22 ஆண்டு. அத்தனை நாளும் அது அங்கேயே இருந்திருக்கிறது, அதன் பாட்டுக்கு.

சருகு விஷயத்துக்கு வருகிறேன். அடர்ந்த காட்டுக்குள் ஓடும் சின்ன ஓடையில் வெயில் விழாது. வெயில் இல்லாவிட்டால் பாசி அதிகம் வளராது. அப்படியென்றால் ஓடைக்குள் இருக்கும் அத்தனை உயிரும் எதைத் தின்று வாழ்கிறது? மேலிருந்து விழும் இலையைத்தான். அதிலும் விழுந்த உடனே தின்ன முடியாது, விறைப்பாக இருக்கும். முதலில் பூஞ்சை ஏற வேண்டும். இங்கோல்டு என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர் 1942இல் ஓடையில் அழுகும் இலைகளில் வளரும் இந்தப் பூஞ்சைகளை விவரித்தார். அவற்றின் வித்துகள் பலவற்றுக்கு நான்கு கை நீண்டிருக்கும், ஓட்டத்தில் போகும்போது எதிலாவது பற்றிக்கொள்ள வசதியாக. பாறைக்குப் பின்னால் சுழலும் வெள்ளை நுரையை ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள், குட்டி நட்சத்திரங்களாகக் கிடக்கும். நுரையைப் பார்த்தால் சோப்புத் தண்ணீர் என்று நினைப்பவர்கள் உண்டு. காட்டோடையில் அது பெரும்பாலும் இலைச்சாறும் காற்றும் சேர்ந்து வருவது. பூஞ்சை ஏறி இலை மிருதுவானதும் புழுக்கள் தின்னத் தொடங்கும். அவை கடித்துப் போடும் துணுக்கும் எச்சமும் கீழே ஓடிப் போய் வலை பின்னிக் காத்திருக்கும் வேறு பூச்சிக்குச் சாப்பாடாகும்.

இதை ஒருவர் நேரடியாகச் செய்தே காட்டினார். அமெரிக்காவில் வட கரோலினாவின் கொவீட்டா ஆய்வுக்காட்டில் புரூஸ் வாலஸ் என்பவரும் குழுவினரும் ஒரு சின்னக் காட்டோடை முழுவதற்கும் மேலே வலை கட்டினார்கள். இலை உள்ளே விழக்கூடாது, அவ்வளவுதான். தண்ணீரைத் தொடவில்லை, மருந்து எதையும் ஊற்றவில்லை. 3 ஆண்டு அப்படியே வைத்துப் பார்த்தார்கள். இலை தின்னும் பூச்சிகள் குறைந்தன, அவற்றைப் பிடித்துத் தின்னும் பூச்சிகளும் கூடவே சரிந்தன. 1997இல் வெளியான ஆய்வு. நாங்கள் 14 பேர் ஒரு பகலில் செய்ததை அவர்கள் வலை கட்டிச் செய்தார்கள். அவர்கள் ஒரு கேள்விக்கு விடை தேடிச் செய்தார்கள், நாங்கள் எதையும் கேட்காமலே செய்தோம்.

ஓடையிலிருந்து காட்டுக்கும் ஒரு வரவு உண்டு. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் ஹொரொனாய் ஓடையில் ஷிகெரு நகானோ என்ற ஆய்வாளர் இதற்குக் கணக்கு எடுத்தார். தண்ணீரிலிருந்து சிறகு முளைத்து வெளியே வரும் பூச்சிகள், கரைக்காட்டுப் பறவைகளின் ஓராண்டு ஆற்றல் தேவையில் 25.6 சதவீதத்தைக் கொடுத்தன. காட்டிலிருந்து தண்ணீரில் விழும் பூச்சிகள் மீன்களின் தேவையில் 44 சதவீதம். மரம் இலை விடாத குளிர்மாதங்களில் பறவைகளுக்கு ஓடைப் பூச்சிதான் பெரிய ஆதாரம். நகானோ 2000இல் கடலில் நேர்ந்த விபத்தில் இறந்துபோனார். அந்தக் கட்டுரை அவர் போன பிறகு, 2001இல் வந்தது.

கரையில் கிடக்கும் சருகுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எபியோஃப்ளீபியா என்று ஒரு பழங்காலத் தட்டான் வகை. ஒரே பேரினம், அதில் விரல் விட்டு எண்ணக்கூடிய இனங்கள். இமயமலை இனத்தை டில்லியார்டு என்ற பூச்சி ஆய்வாளர் 1921இல் லார்வாவை மட்டும் வைத்தே விவரித்தார். சிறகுள்ள தட்டான் கண்ணில் பட இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. ஜப்பான் இனத்தின் லார்வா குளிர்ந்த காட்டோடையில் 5 ஆண்டுக்கு மேல் வளரும். கடைசியில் உடனே சட்டை உரிக்காது. தண்ணீரை விட்டு ஏறி, கரைக்காட்டுத் தரையில் சருகுக்கு அடியில் சில வாரங்கள் கிடந்த பிறகுதான் சிறகு முளைத்து வெளியே வரும். ஓடைக் கரையைப் பெருக்கி நடைபாதை போடும்போது எதை மிதிக்கிறோம் என்று யாருக்காவது தெரியுமா? ஓடையை மட்டும் காப்பாற்றிக் கரையை விட்டுவிட்டால் அந்தத் தட்டானுக்கு ஒரு பயனும் இல்லை. ஓடையின் இரண்டு பக்கமும் குறைந்தது 30 மீட்டர் காடு நிற்க வேண்டும் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அந்த 30 மீட்டர்தான் நிழலையும் இலையையும் தருகிறது, மண் சரியாமலும் பிடித்து வைக்கிறது.

நிழல் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை என் அண்ணன் பேரன் மூலமாகத்தான் கண்ணால் பார்த்தேன். ஒருமுறை அவனை அழைத்துப் போயிருந்தேன். ஒரு பெரிய ஸ்டோன்ஃபிளை லார்வாவைத் தட்டில் வைத்துவிட்டு நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். தட்டின் மேல் வெயில் வந்துவிட்டதை நான் கவனிக்கவில்லை.

"அத்தைப்பாட்டி, இங்க வாங்க. இது தண்டால் எடுக்குது!"

ஓடி வந்து பார்த்தேன். ஆறு காலையும் ஊன்றி உடம்பை மேலே தூக்கி, இறக்கி, தூக்கி, இறக்கி. அவன் சொன்னது சரிதான், தண்டால் எடுக்கிற மாதிரியேதான் இருந்தது. அந்தப் பூச்சிக்குக் கால் அடியில் வெள்ளைக் குஞ்சம் மாதிரி செவுள் இருக்கிறது. சுற்றியிருக்கும் நீரில் ஆக்ஸிஜன் குறைந்தால், உடம்பை ஆட்டி ஆட்டிப் புது நீரைச் செவுளுக்குத் தள்ளும். அது மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. உடனே ஓட்டத்தில் விட்டோம். அவன் முகம் வாடிவிட்டது, நான் விளையாட்டுனு நினைச்சேன் என்றான்.

10 டிகிரி நீரில் ஒரு லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல் ஆக்ஸிஜன் கரைந்திருக்கும். 25 டிகிரியில் 8 சொச்சம்தான். கரை மரத்தை வெட்டி நிழலை எடுத்தால் ஓடை முழுக்க என் வெயில் விழுந்த தட்டு மாதிரி ஆகிவிடும், அதைத் தூக்கி ஓட்டத்தில் விட யாரும் வரமாட்டார்கள். அன்றிலிருந்து தட்டை நிழலில்தான் வைக்கிறேன். ஒரு தடவைக்கு 5 கல்லுக்கு மேல் புரட்டுவதில்லை. புரட்டிய கல்லை அதே இடத்தில், அதே பக்கம் கீழாக வைக்கிறேன். பிடித்து வைப்பதும் கிடையாது. தட்டான் கிளம்பிப் போன பிறகு கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும் சட்டையை லென்ஸில் பார்த்தாலே எவ்வளவோ தெரிந்துகொள்ளலாம்.

தார்ச்சாலை பற்றியும் ஒரு வார்த்தை. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளிக்கு ஒரு தனித்தன்மை உண்டு, மேஃபிளை என்ற நீர்ப்பூச்சிகள் அதைக் கண்டுதான் தண்ணீர் என்று இறங்குகின்றன. காய்ந்த தார்ச்சாலையும் அதேபோல ஒளியைத் திருப்புகிறது என்று ஹங்கேரி ஆய்வாளர்கள் 1998இல் காட்டினார்கள். மாலையில் சாலைக்கு மேலே கூட்டமாகப் பறந்து, தார் மேலேயே முட்டை இட்டுவிடுகின்றன. மாதக்கணக்காகத் தண்ணீரில் வளர்ந்து, சில மணி நேரமோ சில நாளோ மட்டும் சிறகோடு இருக்கும் ஓர் உயிர் தன் மொத்த முட்டையையும் ரோட்டில் கொட்டிவிட்டுச் சாவதை நினைத்தால் தாங்கவில்லை. ஓடைக்கு ஒட்டிச் சாலை வேண்டாம் என்று எங்கே கையெழுத்துக் கேட்டாலும் நான் போடுவது இதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். 20 பேர் இருந்தார்கள். நீளமாகப் பேசவில்லை. ஒரு பிடி சருகைத் தட்டில் போட்டு, நிழலில் வைத்து, எல்லோரையும் சுற்றி உட்காரச் சொன்னேன். ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. ஒரு பையன் எழுந்துவிடப் பார்த்தான். அப்புறம் ஓர் இலைத்துண்டு நகர்ந்தது. அதற்குப் பிறகு மரத்தை இழுப்பது பற்றி யாரும் பேசவில்லை.

பிளாஸ்டிக்கை மட்டும் எடுத்தோம். 3 மூட்டை. மூட்டையைக் கட்டும்போது, எனக்கு போன் செய்த பிள்ளை சட்டென்று கையை நீட்டி நிறுத்தினார். நசுங்கிய பாட்டில் ஒன்றில் ஈர இலை ஒட்டியிருந்தது. கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். பாட்டிலோடு சரிவில் இறங்கிப் போனார். கொஞ்ச நேரம் கழித்து வெறும் பாட்டிலோடு வந்து, "அந்த மரத்துக்கு மேல்பக்கம், சருகுக்குள்ள விட்டிருக்கேன் மேடம். அங்க விடலாம்ல?" என்றார்.